இரண்டு வார்த்தைக்கு இரண்டு ஆடு

செங்கொம்பனை விற்றுவிட்ட சேதியை ஹாராப் முதலில் நாயிடம்தான் சொன்னான்.

“சாம்பலு, கேட்டியா? நம்ம செங்கொம்பனைக் கப்பல்காரனுக்குக் கொடுத்தாச்சு. இந்த அகலத்துக்குச் செம்புத் தகடு தர்றான். கழுத்திலே மாட்டினா நெஞ்சு முழுக்க மூடும்.”

சாம்பல் என்கிற அந்த நாய்க்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. சேதி போய்ச் சேரவேண்டிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் குந்தி உட்கார்ந்து பசுவைக் கறந்துகொண்டிருந்தாள். அவள் ஹாராபின் அக்கா கோரேஸ். பால் பீய்ச்சும் சத்தம் சட்டென்று நின்றது.

அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்த முகாமில் கிடையாது. கடல்மலைக்குக் கீழே மாடு மேய்க்கிற எந்த முகாமிலும் கிடையாது. தம்பிக்கு ஆம்பிளைச் சடங்கு நடந்த நாளோடு சரி. அதுவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவளாக இருந்தாலும் அதற்குப் பிறகு நேராக ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது கோபமில்லை, மரியாதை. சொல்வது உண்மை என்று ஊரை நம்பவைக்க ஆண்கள் தங்கள் மூத்த அக்காவின் மேல்தான் சத்தியம் செய்வார்கள். தம்பி தப்புச் செய்தால் அவன் தொழுவத்தில் புகுந்து இருப்பதிலேயே நல்ல மாட்டை அக்கா ஓட்டிக்கொண்டு போவாள், ஏன் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. இவ்வளவு பெரிய மனுஷியிடம் சும்மா வாயைத் திறந்து பேசிவிட முடியுமா? இடையில் ஒரு ஆள் வேண்டும். கோரேஸுக்கும் ஹாராபுக்கும் இடையில் இருந்த ஆள் கோரேஸின் கணவன் நம்தாப். அவன் இல்லாத நேரத்தில் நாய்.

இரண்டில் நாயே மேல் என்பது கோரேஸின் எண்ணம். அது சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காது.

“ஏய்யா! இங்கே வாங்க!” என்று குரல் கொடுத்தாள்.

நம்தாப் பாய்க் குடிலுக்குள்ளிருந்து ஆட்டுவால் கொழுப்பை மென்றுகொண்டே வந்தான். முகாமில் எங்கே பேச்சு நடந்தாலும் அங்கே அவன் இருப்பான். பேச்சு நடக்காத இடத்தில் அவனே ஆரம்பிப்பான்.

“உங்க மச்சினன்கிட்டே கேளுங்க. செங்கொம்பன் வெறும் மாடா? அது நடந்தா மந்தை நடக்கும், அது நின்னா மந்தை நிக்கும். அதை வித்துட்டு மத்ததை யாரு பின்னாலே ஓட்டப் போறான்? இவன் முன்னாலே நடப்பானா?”

நம்தாப் மச்சினனைப் பார்த்துத் திரும்பினான். “மாப்ளே, உனக்கு அறிவிருக்கான்னு உங்க அக்கா கேக்குறா.”

“நான் அப்படியா சொன்னேன்?”

“அர்த்தம் அதுதானே புள்ள. நான் சுருக்கமாச் சொல்றேன்.”

ஹாராப் அக்காவின் பக்கம் பார்க்காமல், பசுவின் வாலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். “மச்சான், அக்காகிட்டே சொல்லுங்க. செங்கொம்பனுக்கு வயசாகுது. அதோட சேத்து இந்த முகாம் காளைங்க கொஞ்சமும் போகுது, அதுக்குக் கமாப் தாத்தாவே சரின்னுட்டாரு. அந்தக் கப்பல்கார மஞ்சத்தாடிக்குத் தலைமாடு இல்லாம முடியாதாம். அது இல்லாட்டி மத்ததெல்லாம் கரையை விட்டு நகராதுன்னு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“என்னைக் கேக்காம வித்தது வித்ததாகாதுன்னு சொல்லுங்க.”

நம்தாப் தாடையைத் தடவினான். அந்தச் செம்புத் தகட்டில் ஒரு துண்டு அவனுக்கும் வரவேண்டியிருந்தது. “கோவமாத்தான் இருக்கா. ஆனா போகப் போக ஆறிடும்” என்று மச்சினனிடம் சொன்னான். கோரேஸ் பால் குடுவையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முறைத்த முறைப்பில் நம்தாப் இரண்டடி தள்ளி நின்றான்.

குடாவில் அந்தக் கப்பல் வந்து நின்று நிலவு ஒரு சுற்று தேய்ந்திருந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு இப்படி வரும். உள்ளே இருப்பவர்கள் பல் ஆடி, ஈறு வீங்கி, நடக்க முடியாமல் வந்து இறங்குவார்கள். தண்ணீர் பிடிப்பார்கள், மாடும் ஆடும் கேட்பார்கள், இரும்பும் செம்பும் கொடுப்பார்கள், தென்கிழக்குக் காற்று எழும்பியதும் போய்விடுவார்கள். ஹாராபுக்கு அவர்கள் பேச்சு வேகமாகப் பிடிபட்டது. முகாமில் மற்றவர்கள் கையைக் காட்டி முகத்தைக் காட்டி ஒரு ஆட்டை விற்பதற்குள் அவன் நாலு ஆட்டை விற்றுவிட்டு வருவான். கப்பலின் வியாபாரி ஒரு மஞ்சள்தாடிக்காரன். அவனுக்கு இவர்கள் பேச்சில் மாடு, ஆடு, வா, நல்லது இவ்வளவுதான் தெரியும். அதனால் ஹாராப் இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. தோளில் கை போட்டுக்கொண்டு கடற்கரையில் நடப்பான்.

அந்தக் கை கோரேஸுக்குப் பிடிக்கவேயில்லை. போன மழைக்கு முந்திய மழையில் பக்கத்துக் குடில் தூமாஸின் புருஷன் தோளிலும் இப்படி ஒரு கை கிடந்தது. அது வேறொரு கப்பல். விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று படகில் ஏறிப் போனவன், இன்னும் வரவில்லை. தூமாஸ் தினமும் அவனுடைய மரக்கிண்ணத்தில் பால் ஊற்றி வைக்கிறாள். மாலையில் அதை எடுத்து நாய்களுக்கு ஊற்றுகிறாள்.

அன்று மத்தியானம் ஹாராப் உடம்பு முழுக்கக் கொழுப்புப் பூசி, வாசனைப் பொடி தூவி, பளபளவென்று கடற்கரைப் பக்கம் போவதைக் கோரேஸ் பார்த்தாள். கப்பலில் விருந்தாம். பேரம் முடிந்த சந்தோஷத்துக்கு மஞ்சத்தாடி கூப்பிட்டிருக்கிறானாம்.

“ஏய்யா, ஓடுங்க!” என்று புருஷனை விரட்டினாள். “கப்பலுக்குள்ளே காலை வைக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னான்னு சொல்லுங்க. விருந்து வேணும்னா கரையிலே வச்சுச் சாப்பிடட்டும். தூமாஸ் புருஷனை நினைச்சுப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லணும். சுருக்கக் கூடாது.”

நம்தாப் மூச்சிரைக்க ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து நிதானமாக நடந்து வந்தான்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன், சொன்னேன். போய்ட்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்திடுவான்.”

வெளிச்சம் போனது. ஹாராப் வரவில்லை.

விடிந்ததும் கோரேஸ் மலையைத்தான் முதலில் பார்த்தாள். கடல்மலையின் தட்டையான தலையில் வெள்ளை மேகம் ஓரமாக வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. அது மலை முழுக்கப் பரவி இந்தப் பக்கம் வழிந்தால் காற்று வந்துவிடும். காற்று வந்தால் கப்பல் போய்விடும். அவள் பால் கறக்கவில்லை. கன்றுகள் கத்தக் கத்த விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனாள். பின்னாலேயே நம்தாபும் சாம்பலும் முகாமில் பாதிப் பேரும் வந்தார்கள்.

விற்ற மாடுகள் மணலில் நின்றிருந்தன. நடுவில் செங்கொம்பன், இரண்டு கொம்பும் சிவந்து வளைந்து, எதைப் பற்றியும் கவலையில்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கியோடு சில கப்பல்காரர்கள் சுற்றி நின்றார்கள். முந்தின நாளே கொடுத்த செம்பு, கமாப் கிழவரின் காலடியில் தோலில் சுற்றிக் கிடந்தது. அவர்தான் முகாமுக்குத் தலைவர். பங்கு பிரிக்கிற வரைக்கும் அதன்மேல் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

கப்பலிலிருந்து படகு வந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்து, மணலில் ஏறாமல், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நின்றது. நடுவில் ஹாராப் உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தான். கொழுப்பு ஊறி அது திட்டுத்திட்டாக உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவன் தோளில் மஞ்சத்தாடியின் கை.

ஹாராப் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அப்புறம் உரக்கக் கத்தினான்.

“சாம்பலு! டேய் சாம்பலு! நல்லாக் கேட்டுக்கோ. நான் சிரிச்சுக்கிட்டே சொல்றேன், நீ வாலை ஆட்டிக்கிட்டே கேளு. இவனுங்க என்னை இறக்கிவிட மாட்டானுங்க.”

தன் பெயரைக் கேட்டுச் சாம்பல் உண்மையாகவே வாலை ஆட்டியது.

“ராத்திரி இறங்கலாம்னு பாத்தேன், விடலை. பேச்சுத் துணைக்கு வேணுமாம். அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போய், முழுசாப் பேசக் கத்துக்கொடுத்து, வேற கப்பல்லே கொண்டாந்து விடுவானாம். சாம்பலு, தூமாஸ் புருஷன் போட்டிருந்தானே யானைத்தந்த வளையம், ஒரு பக்கம் விரிசல் விட்டது, அது இங்கே ஒரு சமையக்காரன் கையிலே இருக்கு. முன்னாடி அந்தக் கப்பல்லே இருந்தவனாம். அது போட்டிருந்த ஆள் எங்கேன்னு கேட்டேன். தண்ணியைக் காட்டுறான்.”

கூட்டத்தில் தூமாஸ் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

“மாட்டை ஏத்தினதும் கிளம்பிடுவானுங்க.” ஹாராபின் சிரிப்பு இப்போது அழுகையைவிட மோசமாக இருந்தது. “சாம்பலு, அக்காகிட்டே ஒண்ணு சொல்லிடு. செங்கொம்பனை வித்தது தப்பு. கேக்காம வித்தது தப்பு. அவ்வளவுதான்.”

இந்த நிலைமையிலும் இந்தப் பயல் நாயிடம்தான் சொல்கிறானே என்று கோரேஸுக்கு நெஞ்சு வெடித்தது. கண் நிறைந்து கடலும் படகும் கலங்கித் தெரிந்தன. அவனைச் சின்னதில் தூக்கிக்கொண்டு பால் குடுவையோடு நடந்த பாரம் இடுப்பில் திரும்ப வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

“கூடாதுன்னு சொல்லியும் எப்படிய்யா போனான்?” என்று நம்தாபைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா சொல்லைத் தாண்டுற பிள்ளையா அவன்? நேத்து என்னதான் சொன்னீங்க?”

நம்தாப் மணலைப் பார்த்தான். “பாத்துப் போய்ட்டு வரச் சொன்னான்னு சொன்னேன்.”

“என்ன?”

“அவன் அவ்வளவு ஆசையாக் கிளம்பினான் புள்ள. வரும்போது எனக்கும் அந்தச் சிவப்புச் சாராயம் கொஞ்சம் கொண்டாறேன்னான்...”

அடிக்க அவளுக்கு நேரமில்லை. இளவட்டங்கள் ஈட்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். கமாப் கிழவர் தடியைக் குறுக்கே நீட்டி அவர்களை மறித்தார். “படகு தண்ணியிலே நிக்குது. உங்க ஈட்டி போறதுக்குள்ளே அவன் வெடிக்குழல் உங்களை முடிச்சிடும். கழுத்தைப் பிடிச்சு நம்ம பையனையும் முடிச்சிடுவான். யோசிங்கடா.”

கோரேஸ் யோசித்தாள். மஞ்சத்தாடிக்கு இரண்டு வேண்டும், தம்பியும் வேண்டும், மாடும் வேண்டும். இரண்டில் எது இல்லாமல் அவன் போகமாட்டான்? கப்பலில் ஈறு வீங்கிக் கிடக்கிறவர்கள் பேச்சைத் தின்று பிழைக்க முடியாது. அவர்களுக்குக் கறி வேண்டும். மாடு போனால் மாட்டைத் திருப்பிக் கேட்க அவனுக்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய் படகில் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தந்திரம் எதற்கு? தம்பி தப்பென்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. தப்புச் செய்த தம்பியின் மாடு யாருக்கு?

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மாடுகளுக்குள் நடந்தாள். துப்பாக்கிக்காரர்கள் ஒரு பொம்பிளை தானே என்று பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் வழியும் விட்டான். செங்கொம்பனின் இரண்டு கொம்புக்கும் நடுவில் கையை வைத்துச் சொறிந்தாள். நாக்கை மடித்து ஒரு நீண்ட சீழ்க்கை அடித்தாள். தண்ணீருக்குப் போகும்போது அடிக்கிற சீழ்க்கை அது. செங்கொம்பன் மூச்சை ஊதிவிட்டுத் தலையைத் திருப்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் ஒன்று திரும்பியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

துப்பாக்கிக்காரர்களின் சிரிப்பு நின்றது. குறுக்கே ஓடினார்கள், கையை விரித்தார்கள், ஏதேதோ கத்தினார்கள். தலைமாடு முன்னால் போகும்போது மற்ற மாட்டுக்கு யார் கையை விரித்தால் என்ன? தள்ளிக்கொண்டு போயின. முகாமின் மாட்டுக்காரர்களைப் பார்த்துத் தடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை.

“அக்கா மாட்டை எடுக்குறா” என்றார் கமாப் கிழவர், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி. “அதை எப்படிப்பா தடுக்குறது?”

மஞ்சத்தாடி படகில் எழுந்து நின்று கத்தினான். யாருக்கும் புரியவில்லை. ஹாராபின் முதுகில் ஒரு குத்து விட்டான். ஹாராப் வாயில் கை குவித்து, மாட்டைத் திருப்பச் சொல்கிறான் தாத்தா என்று கூவினான். பசுவின் வயிற்றில் கன்று புரளுவதையே கேட்டுவிடுகிற கமாப் கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டார்.

“என்னப்பா? காத்தடிக்குது! ஒண்ணும் கேக்கலை! கிட்டே வந்து சொல்லு!”

அவர் பொய்யாகச் சொன்ன காற்று அதற்குள் நிஜமாகவே வந்துவிட்டது. மலைமேல் மேகம் வழியத் தொடங்கி, மணல் காலில் சுளீரென்று அடித்தது. மஞ்சத்தாடி மலையைப் பார்த்தான், போகிற மாடுகளைப் பார்த்தான். அவனுக்கு வேறு வழி இல்லை. படகு மணலில் முட்டியது. ஹாராபைச் சட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினான்.

இப்போது ஹாராபின் கால் மண்ணில் இருந்தது. பிடித்திருந்தது ஒரு கை, அந்தக் கையில் இருந்தது ஒரு பிடி துணி. ஆனால் அந்தப் பையன் பயத்தில் விறைத்து நின்றான். மாடுகளுக்குப் பக்கத்தில் அக்கா நிற்பதைக் கண்டான், உடனே மரியாதையாகப் பார்வையை விலக்கி நாயைத் தேடினான். நாய் மாடுகளுக்கு நடுவில் மறைந்துபோயிருந்தது. மச்சானைப் பார்த்தான்.

“ஏய்யா!” என்றாள் கோரேஸ். “சட்டையை விட்டுட்டு ஓடி வரச் சொல்லுங்க! சீக்கிரம்!”

நம்தாப் வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து ஓயாத அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. நேற்றுச் சொன்ன ஒரு பொய் தொண்டையில் நின்றுகொண்டு இன்றைக்கு வரவேண்டிய வார்த்தையை விடவில்லை. மஞ்சத்தாடி கிழவரிடம் கத்திச் சலித்துப்போய், மறுபடி படகுப் பக்கம் திரும்பி ஹாராபை இழுத்தான். ஒரு கால் தண்ணீருக்குள் போனது.

அதற்குமேல் கோரேஸால் முடியவில்லை.

“தம்பி!”

கடற்கரை அப்படியே நின்றது. கிழவிகள் போர்வைத் தோலை இழுத்து முகத்தை மூடினார்கள். ஹாராபுக்கு மீசை முளைத்த பிறகு அந்தக் குரல் அவனை நோக்கி வந்ததே இல்லை. அவன் தலை தானாகத் திரும்பியது. அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

“என்னடா பாக்குறே? உன்னைத்தான்! சட்டையை உதறிட்டு ஓடி வாடா!”

ஹாராப் இரண்டு கையையும் மேலே தூக்கினான், முழங்காலை மடக்கினான். கொழுப்புப் பூசிய உடம்பு சட்டைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மஞ்சத்தாடி கையில் சட்டை மட்டும் நின்றது. பையன் மணலில் நாலு காலில் தவழ்ந்து, எழுந்து, அம்மணமாக, அக்கா இருக்கிற பக்கம் ஓடினான். கோரேஸ் வேறொரு சீழ்க்கை அடித்தாள், குட்டையாக, இரண்டு தடவை. சிங்கம் வந்தால் அடிக்கிற சீழ்க்கை. செங்கொம்பன் நின்று, திரும்பி, கொம்பைத் தாழ்த்தியது. மற்ற மாடுகள் அதன் இரண்டு பக்கமும் வந்து நெருக்கிக்கொண்டன. அந்தக் கொம்புகளுக்கு இந்தப் பக்கம் ஹாராப் வந்து விழுந்தான்.

துப்பாக்கி ஒன்று வெடித்தது. செங்கொம்பனின் வலது கொம்பு நுனி தெறித்துப் போனது. அது தலையை உதறிவிட்டு அங்கேயே நின்றது.

இன்னொரு வெடிக்கு நேரமில்லை. அலை படகைத் தூக்கித் தூக்கி மணலில் அறைந்தது. படகில் இருந்தவர்கள் அலறினார்கள். அப்போதுதான் கமாப் கிழவர் செம்பு மூட்டையைத் தோலோடு இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஓரத்தில் போட்டு, பின்வாங்கி நின்றார்.

“கொடுத்ததை எடுத்துட்டுப் போகட்டும். அக்கா குடுக்காத மாட்டுக்கு நமக்கு விலை எதுக்கு?”

மஞ்சத்தாடி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் மூட்டையைத் தூக்கிப் படகில் எறிந்தான். ஈறு வீங்கினவர்களை நினைத்தாரோ என்னவோ, கிழவர் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு செம்மறிக் கிடாய்களையும் பிடித்துத் தள்ளச் சொன்னார். அவற்றையும் ஏற்றிக்கொண்டார்கள். துப்பாக்கிக்காரர்களும் ஓடி வந்து ஏற, படகு போனது. கொஞ்ச நேரத்தில் கப்பல் பாயை விரித்தது. குடாவின் வாயைத் தாண்டி அது சின்னதாகி, அப்புறம் இல்லாமலே போனது. அதுவரைக்கும் ஒருவரும் உட்காரவில்லை.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். இளவட்டங்கள் சட்டையிலிருந்து வழுக்கி விழுவது போல நடித்துக் காட்டி மணலில் புரண்டார்கள். கோரேஸ் செங்கொம்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வயிற்றின் அடியிலிருந்து வந்தது. முதல்நாள் மத்தியானத்திலிருந்து அதை அவள் உள்ளேயே வைத்திருந்தாள்.

மாலையில் கறந்த பாலில் முதல் குடுவையைத் தூமாஸின் குடிலுக்குக் கொண்டுபோனாள். தூமாஸ் புருஷனின் மரக்கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கோரேஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூமாஸ் வேறொரு கிண்ணத்தை எடுத்துத் தனக்கு ஊற்றிக் குடித்தாள். “உன் தம்பியாவது வந்தான்” என்றாள். அதில் பொறாமை இல்லை. அதனாலேயே கோரேஸுக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது தன் குடில் வாசலில் கூட்டம். கமாப் கிழவரும் முகாமின் பெரியவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது நடந்ததுதான், வழக்கம் வழக்கம்தான். அக்கா தம்பியோடு நேரில் பேசினால் வார்த்தைக்கு ஒரு ஆடு அடித்து ஊருக்குப் பங்கு வைக்க வேண்டும்.

“அவ பேசினது ஒரு வார்த்தையா பல வார்த்தையா?” என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். “நான் கேட்டவரைக்கும் ‘தம்பி’ன்னு ஒண்ணு, ‘என்னடா’ன்னு ஒண்ணு...”

“ஒரே மூச்சிலே சொன்னா. ஒரு மூச்சு ஒரு வார்த்தை” என்று தீர்ப்புச் சொன்னார் கமாப். “ஒரு ஆடு போதும்.”

“நான் தர்றேன்” என்றாள் கோரேஸ்.

அந்த நேரம் ஹாராப் வந்தான். தோல் போர்வை போர்த்தியிருந்தான், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. இரண்டு கையிலும் இரண்டு கொழுத்த செம்மறியைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். நேராக மச்சானுக்கு முன்னால் போய் நின்றான்.

நம்தாபுக்குக் குரல் காலையில் போனது இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. செம்பு மூட்டையிலிருந்து யாருக்கும் தெரியாமல் உருவி அவன் போர்வைக்குள் ஒளித்துவைத்த ஒரு துண்டை மத்தியானமே கோரேஸ் கண்டுபிடித்து, கமாப் கிழவரிடம் கொடுத்துவிட்டாள் என்பதும் ஒரு காரணம்.

“மச்சான், அக்காகிட்டே சொல்லுங்க. ஆடு நான் தர்றேன். வார்த்தை எனக்குச் சொன்னது, ஆடும் என்னோடதுதான். ஒண்ணு, காலையிலே சொன்னதுக்கு.”

நம்தாப் தொண்டையைச் செருமினான். “ஆடு அவன் தர்றானாம்” என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமலும் குறைக்காமலும் சொன்னான்.

“சரி. ரெண்டாவது எதுக்குன்னு கேளுங்க” என்றாள் கோரேஸ்.

ஹாராப் தரையைப் பார்த்தான். நாய் அவன் காலை நக்கியது. அவன் நாயைப் பார்க்கவில்லை.

“இன்னும் ஒரு வார்த்தைக்கு. முன்கூட்டியே கொடுத்திடுறேன்னு சொல்லுங்க, மச்சான்.”

பெரியவர்கள் கிழவரைப் பார்த்தார்கள். கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். காற்று அடங்கிவிட்டிருந்தது. அவருக்கு ஒன்றும் கேட்காது என்று எல்லோருக்கும் புரிந்தது.

கோரேஸ் உள்ளே போனாள். குடுவையில் மீதியிருந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். புருஷன் கையில் கொடுக்கவில்லை, தரையிலும் வைக்கவில்லை. தம்பியின் முன்னால் வந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்து, கிண்ணத்தை நீட்டினாள்.

“பசிக்குதாடா?” என்று கேட்டாள்.